இன்னொரு வட்டுக்கோட்டை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்து சில வாரங்கள் கழிய, உடுப்பிட்டியின் பல வீடுகளில் ஒரே காட்சிதான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் மேசையில் விரிந்து கிடக்கும். பக்கத்தில் சென்ற வருடத்து வெட்டுப்புள்ளிகள். இணையத்தில் ஏற்றுவதற்கு முன் பிள்ளை ஒரு கொப்பித் தாளில் பாடநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் வரிசைப்படுத்தி எழுதும், அழிக்கும், திரும்ப எழுதும். முதலாம் இடத்துக்குரிய பெயரில் வீட்டில் எவருக்கும் ஐயமில்லை. அது பல வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டது. பென்சில் தயங்கி நிற்பது இரண்டாம் இடத்தில். அது கிடைக்காவிட்டால், அதைப் போல வேறெது? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்தபோதும் பெற்றார் இதையேதான் கேட்டார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவினர் தம் பிள்ளைகளுக்காகக் கேட்பதும் இதையேதான்: சிறியதாய், எல்லாரையும் எடுத்துவிடாததாய், பெயரைச் சொன்னால் பிறர் அறிவதாய் ஒரு கல்லூரி, விரும்பிய அந்த ஒன்றைப் போல இன்னொன்று. நடைமுறைக் கேள்வியாகத் தோன்றும் இதன் நடுவில் ‘போல’ என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லின் வேலையை ஆராயத் தொல்காப்பியம் உவமவியல் என்று ஓர் இயலையே ஒதுக்கியது. ஒன்று மற்றொன்றைப் போன்றது என்பதை எதைக்கொண்டு அறிகிறோம்? நாம் நேசித்த ஒன்றுக்கு ஒப்பானது உண்டா? உண்டென்றால் அதை எங்கே தேடுவது? இவை மெய்யியற் கேள்விகள். யாழ்ப்பாணம் இவற்றை இருநூறு வருடங்களாகத் தன் பள்ளிக்கூட வளவுகளில் கேட்டுவந்திருக்கிறது. விடை தேடுவதற்கு வேண்டிய கருவிகளும் இம்மண்ணின் சைவ சித்தாந்தத்திலேயே இருக்கின்றன.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தபோது அவர்களும் தாங்கள் விட்டுவந்த ஒன்றுக்கு ஒப்பானதையே மனத்தில் சுமந்து வந்தார்கள். டானியல் பூர் டார்ட்மத் கல்லூரியில் படித்தவர். பெஞ்சமின் மெய்க்ஸ் யேலில் படித்தவர். ஜேம்ஸ் றிச்சட்ஸ் வில்லியம்ஸ் கல்லூரிக்காரர். 1806இல் அக்கல்லூரிக்கு அருகே மழைக்கு ஒரு வைக்கோற்போரின் பக்கம் ஒதுங்கிச் செபித்த ஐந்து மாணவரில் ஒருவர். அந்தச் செபத்திலிருந்துதான் அமெரிக்காவின் வெளிநாட்டு மிஷன் இயக்கம் பிறந்ததாக அவர்கள் வரலாறு சொல்லும். றிச்சட்ஸ் 1822இல் யாழ்ப்பாணத்திலேயே காலமானார். நியூ இங்கிலாந்தின் அந்தச் சிறு கல்லூரிகளில் ஆசிரியர் சிலர், மாணவர் கொஞ்சம், உண்பதும் உறங்குவதும் படிப்பதும் ஒரே வளவுக்குள். அந்த அச்சைப் பனங்காட்டு நடுவில் வார்த்தெடுக்க முயன்றதன் விளைவுதான் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி. இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1850இல் வெளிவந்த தம் நூலில், ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களோடு ஒருசேர வைக்கத்தக்கது இது என்று எழுதினார். 1855இல் செமினரி மூடப்பட்டது. அன்று தொட்டு யாழ்ப்பாணம் ‘அதைப் போல’ ஒன்றைத் தேடத் தொடங்கியது. 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. யாழ்ப்பாண மிஷனின் கிளையாக 1834இல் தொடங்கிய மதுரை மிஷன், 1881இல் அமெரிக்கன் கல்லூரியை உருவாக்கியது. உடுப்பிட்டியின் அமெரிக்கன் மிஷன் கல்லூரியும் மகளிர் கல்லூரியும் இதே மிஷனின் உழைப்பில் முளைத்தவை. ஆக, வட்டுக்கோட்டை பிறிதொன்றின் சாயலாகப் பிறந்து, தானே பிறவற்றுக்கு மூலமானது. ஒப்பு என்பது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

அறிவுக்கு வழியாகும் அளவைகளை நம் முன்னோர் எண்ணி வைத்தார்கள். மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் பத்து அளவைகள் பேசப்படுகின்றன. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் பத்தையும் சொல்லி, அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்று முடிக்கிறார். அந்தப் பத்தில் ஒன்று ஒப்பு. அதற்கு வழிவழியாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு ஆவும் ஆமாவும். ஊரில் ஆவை மட்டும் கண்டவனுக்குக் காடறிந்த ஒருவன் சொல்கிறான்: ஆமா என்றொரு விலங்கு உண்டு, அது ஆவைப் போல இருக்கும். பின்னொரு நாள் காட்டில் அந்த விலங்கைக் கண்டவுடன் ஊரவன் அறிந்துகொள்கிறான், இதுதான் ஆமா என்று. ஒப்பு தந்த அறிவு அவ்வளவுதான்: ஒரு பெயரை ஒரு பொருளோடு பொருத்திப் பார்க்கும் அறிவு. ஆமாவுக்கும் கொம்புண்டு, குளம்புண்டு, கண்ணும் ஆவின் கண் போன்றதே. ஆனால் அதைக் கொட்டிலில் கட்டிச் செம்பை ஏந்திக்கொண்டு போய் அமர்ந்தவனுக்குப் பால் கிடைக்காது. சித்தியார் இன்னொரு வேறுபாட்டையும் கற்பிக்கிறது. பிற இனங்களிலிருந்து விலகித் தன் இனத்தோடு ஒத்து நிற்பது ஒரு பொருளின் பொதுவியல்பு. பிற இனத்திலிருந்தும் தன் இனத்திலிருந்தும் விலகித் தானாக நிற்பது அதன் தன்னியல்பு. கல்லூரியைத் தேடுவோர் கையில் இருக்கும் அளவுகோல்களை இந்த வேறுபாட்டின் முன் வைத்துப் பாருங்கள். மாணவர் தொகை, வெட்டுப்புள்ளி, தரவரிசை, கட்டடத்தின் வயது எல்லாம் பொதுவியல்புகள். அவற்றை வைத்துத் தேடினால் ஒத்தவை கிடைக்கவே செய்யும், வேண்டிய அளவு கிடைக்கும். அந்தக் கல்லூரியை நேசிக்க வைத்தது அதன் தன்னியல்பு. அது வரையறையின்படியே வேறொன்றில் இருக்க முடியாது. இப்படி நின்றுவிட்டால் தேடலே வீண் என்றாகிவிடும். ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: ஆவின் கொம்பும் அல்ல, இந்த ஆ என்ற தனித்தன்மையும் அல்ல, அது தரும் பால். நாம் கேட்கவேண்டியது அதையே. வட்டுக்கோட்டை தந்த பால் எது?

1829 மார்ச் மாதத்தில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. ஊர்ப் பஞ்சாங்கம் ஒரு கணக்கைச் சொன்னது. டானியல் பூர் வேறொரு கணக்கைச் சொன்னார். இரண்டும் கிரகணத்துக்கு முன்பே வெளிப்படையாக அறிவிக்கப்பட்டன. அன்றிரவு மாணவரும் ஊரவரும் வானத்தைப் பார்த்து நின்றார்கள். பூரின் கணக்கே கூடப் பொருந்தியது. மிஷனரிமார் இதைத் தம் மதத்தின் வெற்றியாக எழுதினார்கள். அந்த முடிவு பொருந்தாது. பஞ்சாங்கக்காரரும் கணக்கிட்டவரே, கடவுளைச் சாட்சிக்கு அழைத்தவர் அல்லர். நிழல் எப்போது நிலவைத் தொடும் என்பதில் ஒருவர் கணக்குத் தவறினால் அவர் வணங்கும் தெய்வம் தவறாகிவிடாது. ஆனால் அன்றிரவு அண்ணாந்து நின்ற ஒரு பதினைந்து வயதுப் பையனின் உள்ளத்தில் நிகழ்ந்திருக்கக்கூடியதை எண்ணிப் பார்க்கலாம். பெரியவர் இருவர் முரண்பட்டுச் சொன்னார்கள். எவரை நம்புவது என்பதைக் குலமோ வயதோ அங்கியோ தீர்மானிக்கவில்லை. அவன் கண்ணே தீர்மானித்தது. உரையளவையைக் காண்டலளவையால் சோதிக்கலாம் என்று அவன் தெரிந்துகொண்டான். அப்படித் தெரிந்துகொண்டவன் நாளை தன் ஆசிரியரின் சொல்லையும் அதே முறையில் சோதிப்பான். ஆசிரியரையே சோதிக்கும் ஆற்றலை மாணவன் கையில் கொடுத்துவிடுவது, அதுவே பால் என்று நான் கருதுகிறேன். வட்டுக்கோட்டையில் தமிழ் இலக்கணமும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் தருக்கமும் ஒரே மாணவனுக்குப் போதிக்கப்பட்டதன் பயனும் இதுவே: ஒரு மொழியில் கேட்டதை இன்னொரு மொழியில் நிறுத்துப் பார்க்க அவனால் முடிந்தது.

இதற்குச் சான்று அங்கே படித்தவர்களின் வாழ்க்கை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியபின் அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டை மாணவர். கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்த தாமோதரம்பிள்ளை சைவராக வாழ்ந்தார். வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். செல்லரித்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, எந்தப் பாடம் சரி என்று தானே தீர்ப்புச் சொல்லும் அந்த வேலை, கிரகணத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்துவதற்கு ஒப்பானதுதான். தமிழில் தருக்க நூல் எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையும் செமினரியில் படித்தவர். அவர் தொடங்கிய பள்ளிக்கூடத்தையே 1890இல் சைவ பரிபாலன சபை பொறுப்பேற்றது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக இன்று நிற்பது அது. மிஷன் செமினரியின் உண்மையான வாரிசுகளில் ஒன்று இந்துக் கல்லூரி என்றால் முதலில் முரணாகப் படலாம். வெளித்தோற்றத்தை வைத்துத் தேடுகிறவனுக்கு அது தென்படவே மாட்டாது. ஆசிரியர் பக்கத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு. பூருக்குப் பின் செமினரியை நடத்திய ஹென்றி ஹொய்சிங்ரன், சிவப்பிரகாசத்தையும் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. அவர் சைவராகவில்லை, சைவத்தை வெல்ல வந்தவர் அவர். ஆனாலும் வெல்ல வந்தவர், வெல்லவேண்டியது இன்னதென்று சரியாக அறிந்துகொள்ளப் பல வருடங்கள் ஒரு தமிழ் நூலின் முன் மாணவனாக அமர்ந்திருந்தார். ஆசிரியரும் படித்துக்கொண்டிருந்த இடம் அது.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். இவையெல்லாம் தெரிவின் பயன் என்பார்கள். செமினரி எல்லாரையும் சேர்க்கவில்லை. கிராமப் பாடசாலைகளிலிருந்து பொறுக்கிய பையன்களைச் சேர்த்தது. நல்ல விதையைப் பொறுக்கி விதைத்தால் நல்ல விளைச்சல், இதில் ஆசிரியருக்கு என்ன பெருமை? ஆகவே கடும் தெரிவு உள்ள இடத்தைத் தேடுவதே சரி. சித்தாந்தம் அறிந்தவர் இன்னும் ஒரு படி போவார்: பக்குவம் வந்த ஆன்மாவுக்கே குரு எழுந்தருளுகிறார், அருட்சத்தி உயிரில் பதியும் சத்திநிபாதத்திலும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்கு நிலை உண்டு, ஆகவே தெரிந்தெடுத்தல் சைவத்துக்கு உடன்பாடு என்பார். இந்த ஆட்சேபத்தில் உண்மை உண்டு. படிக்கும் விருப்பமுள்ள தோழர் சூழ்ந்திருப்பது பெரும் பேறு. சிறு தொகை இல்லாமல் ஆசிரியன் ஒவ்வொரு மாணவனின் முகத்தையும் அறிய முடியாது. ஆனால் நன்னூலின் பொதுப்பாயிரத்தைத் திறந்து பார்த்தால் நாம் பாதியை மறந்துவிட்டது புரியும். மாணாக்கனின் தரத்தைச் சொல்லும் முன்பே அது ஆசிரியனின் தரத்தைச் சொல்லிவிடுகிறது. ஆசிரியன் ஆகாதவனுக்கு அது தரும் உவமைகளில் இரண்டு யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கவே தேவையற்றவை. ஒன்று மடற்பனை. கருக்கு மட்டைகள் கழியாமல் அடியிலிருந்து மூடிக்கிடக்கும் பனையில் எவரும் ஏற முடியாது. பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. மற்றது முடத்தெங்கு: ஒருவன் வளவில் நின்று, அவன் ஊற்றிய தண்ணீரைக் குடித்து, வேலிக்கு அப்பால் அயலவன் வளவுக்குள் காயைப் போடும் தென்னை. இன்றைய தெரிவு முறைகள் மாணவனை மட்டும் சோதிக்கின்றன. ஆசிரியனை எவரும் சோதிப்பதில்லை. எத்தனை பேரை வெளியே நிறுத்தியது என்பதைக் கல்லூரியின் சிறப்பாக எண்ணுவது, கருக்கு மட்டை எவ்வளவு அடர்த்தி என்று பார்த்துப் பனம்பழத்தின் இனிப்பை மதிப்பிடுவதற்குச் சமம்.

பக்குவத்தைப் பற்றிய சித்தாந்த வாதத்துக்கும் விடை சித்தாந்தத்திலேயே இருக்கிறது. பக்குவத்தை அறிபவன் உயிரினுள்ளே நின்று அறியும் இறைவன். மூன்று மணி நேர வினாத்தாள் அந்த இடத்தைக் கோர முடியாது. பக்குவம் குறைந்த உயிரையும் அவன் தள்ளிவிடுவதில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற படிகளை வைத்து ஒவ்வொன்றையும் அது நிற்கும் இடத்திலிருந்து ஏற்றுகிறான். மனிதர் பக்குவத்தின் பெயரால் வாசலை மூடியபோது என்ன நடந்தது என்பதையும் யாழ்ப்பாணம் அறியும். ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் நீண்ட காலம் பள்ளிகளில் சேர்க்கப்படவில்லை. சேர்த்த இடங்களிலும் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். அரச உதவி பெறும் பள்ளிகளில் சம ஆசனம் வேண்டும் என்ற விதி வந்தபோது, 1930 அளவில், பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. அதற்கு எதிர்த்திசையில் நின்றது 1924இல் மாணவர் மாநாடாகத் தொடங்கிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ். அதன் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே கற்பித்தவர். பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானவர். பின்னாளில், 1971இல் வந்த தரப்படுத்தல், மொழியின் பெயரால் தமிழ்ப் பிள்ளைகளின் முன் உயரமான வேலியை எழுப்பியது. அந்த அநீதியை இன்றும் நாம் வலியோடு நினைக்கிறோம், நினைக்கவும் வேண்டும். ஆனால் அதை நினைக்கும் உரிமை முழுமையாவது, நாமே எழுப்பிய வேலியையும் சேர்த்து நினைக்கும்போதுதான். இன்று பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 விழுக்காடு இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 விழுக்காடு மாவட்டப் பங்கீட்டுக்கும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. இந்தப் பங்கீட்டில் குறை காண்போரும் உண்டு, நிறை காண்போரும் உண்டு. எப்படியானாலும் அது இடத்தைப் பங்கிடும் கணக்கு. அந்தக் கணக்கில் உள்ளே வந்தவன் அறிவில் உயர்ந்தவன் என்பதற்கோ, நின்றுபோனவன் தாழ்ந்தவன் என்பதற்கோ அது சான்றாகாது.

இரண்டாவது ஆட்சேபம் சமயத்தின் பக்கத்திலிருந்து வருவது. அதன் குரல் ஆறுமுக நாவலரின் குரல். மிஷன் பள்ளி தந்தது பால் என்றால் அதனோடு கலந்திருந்தது என்ன? கல்வியைத் தூண்டிலாக்கி மதம் மாற்றினார்கள் அல்லவா? அப்படிப்பட்ட இடத்தைச் சைவன் எப்படி நேசிப்பது, அதைப் போன்றதை எப்படித் தேடுவது? இந்தக் கண்டனத்தின் நியாயத்தை மறுக்க முடியாது. பசித்தவனின் பசியை வைத்து விசுவாசத்தைப் பேரம் பேசுவது எந்தச் சமயத்தின் அளவுகோலாலும் குற்றமே. ஆனால் நாவலர் சொன்னதோடு அவர் செய்ததையும் பார்க்கவேண்டும். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர், வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்துக் கற்பித்தவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்பு முறை, அச்சியந்திரம், படிப்படியாக ஏறும் பாலபாடம், எல்லாருக்கும் விளங்கும் வசனநடை ஆகியவை அங்கே சைவத்தின் கருவிகளாயின. மிஷன் பள்ளியின் கொம்பையும் குளம்பையும் விட்டுவிட்டுக் கறக்கும் முறையை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். சாதியைப் பொறுத்தவரை நாவலர் தம் காலத்தின் வேலிக்குள்ளேயே நின்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நேசிக்கும் மூலத்திலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி அவரைப் பின்பற்றுவோருக்கும் உண்டு. சமயம் வேறானால் ஒப்பு இல்லை என்று சைவம் சொல்லவில்லை. எத்தெய்வத்தை ஒருவன் வழிபட்டாலும் அத்தெய்வமாகி நின்று அருள்பவன் சிவனே என்று கொள்ளும் நெறி அது. உண்மையாகக் கற்பிக்கப்படும் இடத்தில் அருள் செயற்படுகிறது என்று ஏற்கச் சித்தாந்திக்குத் தடையில்லை.

மூன்றாவது ஆட்சேபம் மிக எளியது, ஆகவே மிக வலியது. தத்துவம் போதும், பிள்ளைக்கு உத்தியோகம் வேண்டும். பெயர் பெற்ற இடத்தின் பட்டம் கதவைத் திறக்கும், பெயரில்லாத இடத்தின் பட்டம் திறக்காது. பாலைப் பற்றிப் பேசி ஏழைப் பிள்ளையை ஏமாற்றலாமா? இதற்கு விடை வட்டுக்கோட்டை மூடப்பட்ட கதையில் இருக்கிறது. மாணவர் ஆங்கிலத்துக்காகவும் அரசாங்க உத்தியோகத்துக்காகவும் வருகிறார்கள், விசுவாசத்துக்காக வரவில்லை என்பதே மிஷன் தலைமையின் பெரும் மனக்குறை. பொஸ்டனிலிருந்து செயலாளர் றூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்த 1855இல் செமினரி நின்றுபோனது. அவர் ஒரு நேர்மையான தவறைச் செய்தார். வந்த நோக்கம் தூயதல்ல என்றால் பெற்ற பயனும் தூயதல்ல என்று எண்ணினார். உத்தியோகத்துக்காக வந்தவர்களின் கூட்டத்திலிருந்துதான் ஏடுகளைக் காத்தவரும் பள்ளிகளை எழுப்பியவரும் வந்தார்கள். கலப்பான நோக்கத்தோடு வரும் உயிரையே அருள் பக்குவப்படுத்துகிறது. தூய்மை வந்தபின்தான் வரலாம் என்றால் எவர் வருவது? ஆகவே உத்தியோகத்தை விரும்பும் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன், பெற்றாரையும் குறை சொல்லமாட்டேன். பெயர் கதவைத் திறக்கும் என்பதும் உண்மைதான். திறந்த கதவுக்கு அப்பால் நாற்பது வருடம் வேலை செய்யப்போவது பெயரல்ல, அந்தப் பிள்ளையின் அறிவு. இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் நல்லது. ஒன்றுதான் கிடைக்கும் என்ற நிலையில், பெயர் குறைந்தும் கற்பித்தல் நிறைந்தும் உள்ள இடத்தைத் தெரிந்தவர்கள் ஏமாந்தவர்கள் அல்லர்.

அப்படியானால் எதைப் பார்த்துத் தெரிவது? மெய்கண்டார் மரபு உயிரின் இயல்பை ஒரே தொடரில் சொல்கிறது: சார்ந்ததன் வண்ணமாதல். பளிங்கு தான் அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோல், உயிர் எதைச் சார்கிறதோ அதுவாகி நிற்கிறது. இருளைச் சார்ந்தால் இருள். ஒளியைச் சார்ந்தால் ஒளி. இதை ஏற்றால் நம் கேள்வியின் முகமே மாறிவிடுகிறது. கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையே ஒப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். ஒப்பு உண்டாகும் இடமோ உயிர். ஒரு நல்ல இடத்தைச் சார்ந்த உயிர் அதன் வண்ணத்தை ஏற்கிறது. பின் எங்கே சென்றாலும் அந்த வண்ணத்தோடு செல்கிறது. வட்டுக்கோட்டையைப் போன்றவை இப்படித்தான் உண்டாயின. கட்டடத்தைப் பார்த்துக் கட்டடம் எழவில்லை. வண்ணமேறிய மனிதர் சென்னைக்கும் வண்ணார்பண்ணைக்கும் கொக்குவிலுக்கும் போனார்கள், போன இடத்தில் அது விளைந்தது. எனவே இரண்டாம் இடத்தில் எதை எழுதுவது என்று தயங்கும் பிள்ளை, தான் நாள்தோறும் எதைச் சார்ந்திருக்கப் போகிறேன் என்று கேட்கவேண்டும். அந்தத் துறையின் விரிவுரையாளர் இன்னும் தாமே படித்துக்கொண்டிருக்கிறார்களா? மாணவன் எழுந்து, நீங்கள் சொன்ன கணக்கு எனக்குச் சரிவரவில்லை என்று சொன்னால் அங்கே என்ன நடக்கும்? நூலகம் இரவில் எத்தனை மணிவரை திறந்திருக்கும், அங்கே இருப்பவர்கள் பரீட்சை இல்லாத மாதத்திலும் இருப்பார்களா? இவற்றுக்கு விடை கைநூலில் இல்லை. அங்கே படிக்கும் ஊர்ப்பிள்ளை ஒருவரை நல்லூர்த் தேரன்றோ வல்லிபுரக் கோவிலடியிலோ கண்டு கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரியும். முற்றிலும் ரியூட்டரியையும் கடந்தகால வினாத்தாளையும் சார்ந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் புதிதாக இருக்கலாம். அதனாலேயே அவற்றை நாம் இப்போது கேட்கப் பழக்கவேண்டும்.

இந்த நியாயம் பிள்ளைகளோடு நிற்பதில்லை. தம் பழைய கல்லூரியை நேசிக்கும் பெரியவர்களையும் பிடித்துக்கொள்கிறது. பாடசாலைகளை அரசு கையேற்ற 1960களுக்கு முந்திய பொற்காலத்தைப் பற்றிப் பேசுவோர், அதைப் போல இனி வருமா என்று ஏங்குகிறார்கள். கடல் கடந்த பழைய மாணவர் சங்கங்கள் அந்த ஏக்கத்தோடு பணம் அனுப்புகின்றன; அதில் வளைவும் மதிலும் மண்டபமும் எழுகின்றன. அந்த அன்பு பெரிது, அந்தக் கொடை தேவையானதும்கூட. ஆனால் நேசித்த பள்ளிக்கு ஒப்பானது எங்கே என்று தேடுகிறவரிடம்தான் அந்த ஒப்பு இருக்கிறது. அவர்மேல்தான் அந்த வண்ணம் ஏறியிருக்கிறது. சிவசம்புப் புலவரின் பெயர் இன்றும் உடுப்பிட்டியோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. வெட்டுப்புள்ளியோ தரவரிசையோ இல்லாத காலத்தில் இவ்வூரில் இருந்து பாடியவர், பாடஞ் சொன்னவர் அவர். அவரைச் சூழ்ந்திருந்த திண்ணை எதைப் போன்றது என்று அன்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஓய்வுபெற்ற ஒரு கணித ஆசிரியை, விடுமுறைக்கு வந்த ஒரு பொறியியலாளர், ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு பட்டதாரி, இவர்களில் ஒருவர் இவ்வூர்ப் பள்ளியின் விறாந்தையில் பத்துப் பிள்ளைகளோடு அமர்ந்து, விடையைச் சொல்லாமல், நீ எப்படி அறிந்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டால் போதும். அந்தப் பத்துப் பேரில் முதலாம் தெரிவு கிடைக்காத பிள்ளையும் இருக்கும். எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும், எதற்கும் போகாமல் ஊரிலேயே நின்றாலும், அந்தக் கேள்வியை அது தன்னோடு கொண்டுபோகும்.